ஹோம்ஸுக்கு யார் போவது?

அத்தியாயம் 11

கல்யாண வீடுகளுக்கும் பெருநாள் பூசைக்கும் மட்டும் போடுகிற இளநீல ஷேர்ட்டை, டெஸ்மன்ட் இன்று ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் போட்டிருந்தார். பொக்கற்றில் இரண்டு பேனா.

அவருடைய மனைவி கத்தரின் அந்தப் பேனாக்களைப் பார்த்தாள்.

"ஒரு பேனா காணாதோ?"

"நல்ல காரியத்துக்குப் போய் மை முடிஞ்சிட்டுது எண்டு நிக்கக் கூடாதப்பா. வாரும், நேரமாகுது."

ஆறு கிழமையாக இந்த வீட்டில் சிரியாவைத் தவிர வேறு பேச்சில்லை. சிட்னி செவன் ஹில்ஸில் டெஸ்மன்டின் வேர்க்ஷொப்புக்கு அடுத்த கட்டடத்தில் பழங்கள் மொத்த வியாபாரம் செய்த நபில், சொந்த நாடான சிரியாவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு ஹோம்ஸ் நகரத்துக்குப் போனார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு போனவர் போனில் அழவில்லை, வீடியோதான் அனுப்பினார். கூரை இல்லாத களஞ்சியம். பெட்டி பெட்டியாக அழுகும் ஆப்பிள். நாளில் சில மணி நேரம் மட்டும் வந்து போகிற கரண்ட். கடைசியில் அவருடைய குரல்: "இங்கே எல்லாம் விளையுது டெஸ்மன்ட், வைக்கத்தான் இடமில்லை."

முப்பது வருடமாகக் குளிர் அறை கட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர் களஞ்சியம். பாதி நபிலுடையது, பாதி இவர்களுடையது. வங்கிகள் சிரியா என்றதும் கதவைச் சாத்த, ஒரு தனியார் கடன் நிறுவனம் மட்டும் சம்மதித்தது. ஈடு, அவர்கள் குடியிருக்கும் வீடு.

வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. கம்பெனியிலும் கத்தரின் ஒரு டிரெக்டர். அவளுடைய கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்லும் அசையாது. ஆறு கிழமை மாட்டேன் என்று நின்றவள், போன ஞாயிறு பூசை முடிந்து காரில் ஏறும்போது "சரி, வைக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். கணவனின் வாடிப்போன முகத்தை அதற்கு மேலும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

இன்று மாலை ஐந்து மணியோடு கடன் நிறுவனம் கொடுத்த தவணை முடிகிறது.

"முதல் போறவனுக்குத்தானப்பா இடம்," என்றார் டெஸ்மன்ட், சிவப்பு விளக்கில் நின்றபடி. "இன்னும் ஒரு வருசம் போனா துருக்கிக்காரனும் வளைகுடாக்காரனும் எல்லாத்தையும் பிடிச்சிடுவாங்கள். நாங்கள் பேந்து போய் வாசல்ல நிக்க வேண்டியதுதான்."

கத்தரின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இதே வார்த்தைகளை இதற்கு முன்பும் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறாள். அது யார் என்பதை நினைக்க அவள் விரும்பவில்லை.

"அங்க நபிலின்ர ஆக்கள்தானே எல்லாம் பாப்பினம்?"

"ஓமப்பா. எத்தினை தரம் கேப்பீர்? நாங்கள் வருசத்துக்கு ஒருக்கா போய் எட்டிப் பாத்தால் காணும்."

"அங்க பயமில்லையே?"

"இப்ப என்ன பயம்? பிளாக்டவுன் ஸ்டேஷனடியில இரவு நடக்கிறதை விட அங்க பாதுகாப்பு எண்டு நபில் சொல்லுறார்."

* * *

வழக்கறிஞரின் அலுவலகம் பிளாக்டவுன் ஸ்டேஷனுக்கு எதிரே, போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கணவனின் கடனுக்கு மனைவி பொறுப்பேற்பதானால், அவளுக்கென்று தனி வழக்கறிஞர் ஒருவர் எல்லாவற்றையும் விளக்கிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று கடன் நிறுவனம் சொல்லியிருந்தது. கத்தரினோடு வேலை செய்யும் பிரவீணாதான் வழக்கறிஞர் வர்ஷாவின் நம்பரைக் கொடுத்தாள். வர்ஷா சென்னைக் குடும்பத்துப் பெண். முப்பது வயதுகூட இராது.

"வாங்க ஆன்ட்டி. அங்கிள், நீங்க வெளியில இருக்கணும்."

"நானோ?" டெஸ்மன்ட் சிரித்தார். "பிள்ளை, நாங்கள் கலியாணம் கட்டி முப்பது வருசம். இனி என்ன ரகசியம்?"

"ரகசியம் எதுவும் இல்ல அங்கிள், ரூல். கீழ நல்ல காபி கிடைக்கும்."

"என்ர பேனாவையாவது உள்ள விடுவீங்களோ?" என்று ஒன்றைக் கத்தரினிடம் நீட்டினார். கதவு மூடும்வரை சிரித்துக்கொண்டே நின்றார்.

வர்ஷா கோப்பைத் திறக்கவில்லை.

"இந்த ஒரு மணி நேரம் நான் உங்களுக்கு மட்டும்தான் லாயர் ஆன்ட்டி. அங்கிளுக்கு இல்ல, கம்பெனிக்கும் இல்ல. முதல்ல, நீங்க எதுல கையெழுத்துப் போடப் போறீங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க."

கத்தரினுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருடமாக அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி பிடிக்கிறாள். தாளில் எல்லாம் எழுதியிருந்தாலும், பெயரையும் பிறந்த திகதியையும் வந்தவர் வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் கையைத் தொடுவாள். "இவர்தானே நீங்கள்?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டலை நம்பி ஊசி போடக் கூடாது.

சொன்னாள். கடன், வீடு, குளிர் களஞ்சியம், நபில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பிசினஸ் நடக்கலன்னா?"

"வீடு போகும்."

"அந்த நாட்டுக்குப் போகவே வேண்டாம்னு நம்ம அரசாங்கம் எச்சரிக்கை போட்டிருக்கு. இன்ஷூரன்ஸ் கிடைக்கிறது கஷ்டம். அது?"

"அதுவும் சொன்னவர்."

"சரி. அப்ப நிஷான் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." வர்ஷா கோப்பைத் திறந்து பக்கத்தைத் திருப்பினாள்.

"எந்த நிஷான்?"

வர்ஷாவின் கை அப்படியே நின்றது.

"ஆன்ட்டி... உங்க பையன் பேரு நிஷான்தானே?"

கடன் பத்திரத்துக்குக் கீழே இன்னொரு கட்டு இருந்தது. நபிலுக்கும் இவர்களுடைய கம்பெனிக்குமான கூட்டு ஒப்பந்தம். வர்ஷா விரல் வைத்து மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். இது நபில் போட்ட நிபந்தனை. பணத்தை மட்டும் போட்டுவிட்டுத் தூரத்தில் இருக்கிறவன் பங்காளி இல்லை, சூதாடி என்பது அவர்கள் ஊர் வழக்கமாம். இரண்டு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொருவர் மூன்று வருடம் ஹோம்ஸிலேயே தங்கிக் களஞ்சியத்தைப் பார்க்க வேண்டும். அங்கே நபிலின் மூத்த மகன்.

இங்கே, நிஷான்.

பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து. வாலை நீளமாக இழுத்துவிட்ட அந்தக் கடைசி எழுத்தை அவளுக்குத் தெரியாதா? பத்து வயதில் பாஸ்போர்ட்டுக்காகச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதி எழுதிப் பழகியது. கீழே திகதி. மூன்று கிழமைக்கு முந்தியது, ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை அவள் நண்டுக்கறி வைத்தாள். இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவன், "சூப்பர் அம்மா" என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டுப் போனான். அப்போதே கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

"உங்கள யாராவது ஃபோர்ஸ் பண்றாங்களா ஆன்ட்டி?"

"இல்லை பிள்ளை. ஒருத்தரும் என்னை வற்புறுத்தேல்லை." தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "சொல்லாமத்தான் விட்டிருக்கினம்."

வர்ஷா தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

"கையெழுத்துப் போடலன்னா நீங்க காரணம் சொல்ல வேண்டாம், நானே அங்கிள்கிட்ட பேசிக்கிறேன். போடறதா இருந்தாலும் ஏதாவது வரிய மாத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அடிச்சு எழுதி, உங்க பக்கத்து ஆளுங்க எல்லாரும் இனிஷியல் வெச்சா, நபில்கிட்ட நான் மெயில்ல சம்மதம் வாங்கிடறேன். அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

கத்தரின் கூட்டு ஒப்பந்தத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

* * *

கீழே டெஸ்மன்ட் இரண்டு காபியோடு நின்றார்.

"முடிஞ்சுதோ?"

"வேர்க்ஷொப்புக்கு விடுங்கோ."

"ஏன்? பேப்பர்—"

"விடுங்கோ எண்டுறன்."

அந்தக் குரலைத் திருமண வாழ்க்கையில் மூன்றோ நாலோ தடவைதான் அவர் கேட்டிருப்பார். காரை எடுத்தார். காபி இரண்டும் நடுவில் இருந்து குலுங்கிக்கொண்டே வந்தன.

கத்தரினுக்குத் தன் தம்பி கிறிஸ்ரியன் ஞாபகத்துக்கு வந்தான். வராமல் எப்படி இருப்பான்?

இலங்கையில் சமாதான காலம் என்று எல்லோரும் வாய் நிறையச் சொன்ன நாட்கள் அவை. சிட்னியில் மீன் சந்தையில் வேலை செய்துகொண்டிருந்தவன், மன்னாருக்குப் போய் ஐஸ் பக்டறி போடலாமா என்று யோசித்தான். யோசித்தான், அவ்வளவுதான். நேரம் எடுத்து, பயந்து பயந்து யோசித்தான். தள்ளிவிட்டவள் அக்காதான். "முதல் போறவனுக்குத்தான் இடமடா. கொழும்புக்காரன் வந்து பிடிக்கிறதுக்கு முன்னம் போ." தன் சங்கிலியை விற்றுக் காசும் கொடுத்தாள்.

மூன்று வருடம் ஐஸ் நன்றாகத்தான் விற்றது. பிறகு சண்டை திரும்பி வந்தது. ஒருநாள் டீசல் எடுக்க மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. சொன்னவர்கள் சொன்னதெல்லாம் வேறு வேறாக இருந்தது.

அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நிஷானுக்கு இப்போது இருபத்தாறு.

* * *

வேர்க்ஷொப்பின் பெரிய கதவு திறந்திருந்தது. உள்ளே, குளிர் அறைச் சுவர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டிருந்தான் நிஷான். நகரத்துக் கம்பெனியில் மின் பொறியியலாளர் வேலை. லீவு போட்டு அப்பாவுக்கு உதவி செய்கிறான் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

அம்மாவைக் கண்டதும் சிரித்தான். அவள் கையில் எடுத்திருந்த ஒப்பந்தத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"ஓ," என்றான். "ஓகே."

"என்ன ஓகே?"

"அம்மா, நான் சொல்ல இருந்தனான்."

"எப்ப? பிளேன் ஏறினாப் பிறகோ? வாட்ஸப்பிலயோ?"

டெஸ்மன்ட் இடையில் வந்தார். "கத்தரின், கொஞ்சம் இரும். கதிரையில இரும், ஆறுதலாக் கதைப்பம்."

"நான் நிண்டுகொண்டே கதைக்கிறன். வருசத்துக்கு ஒருக்கா எட்டிப் பாத்தாக் காணும் எண்டனீங்கள் என்ன? மூண்டு வருசம் எட்டிப் பாக்கப் போறானோ இவன்?"

"உமக்கு முதலே சொல்லியிருந்தா நீர் கையெழுத்து வைப்பீரோ?"

"வைக்க மாட்டன்."

"அதுதான் சொல்லேல்லை."

இப்படி ஒளிவில்லாமல் சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் பொய் சொல்லி மாட்டிய போதெல்லாம் இந்த மனுஷன் சிரித்து மழுப்புவார். இன்று மழுப்பவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அப்பாவைப் பேசாதேங்கோ," என்றான் நிஷான். "இட் வாஸ் மீ. நான்தான் கேட்டனான். வேலையை விட்டு ஒரு மாசமாகுது."

"விட்டிட்டியோ?"

"அங்க இருந்து நான் என்ன செய்யிறன் அம்மா? லிஃப்ட் எத்தினை தரம் நிண்டது எண்டு ரிப்போர்ட் எழுதுறன். அங்க ஒரு டவுன் முழுக்கக் கரண்ட் இல்லாம இருக்கு. மருந்து வைக்க பிரிஜ் இல்லை. நான் போட்டா லைட் எரியும். ரியல் லைட்."

அவன் கண்ணில் இருந்தது பேராசை இல்லை. பேராசையாக இருந்திருந்தால் திட்டி அடக்கியிருக்கலாம்.

"உன்ர கிறிஸ்ரியன் மாமாவும் இப்பிடித்தான்."

"அது வேற நாடு, வேற சண்டை அம்மா. மாமா ஊர்ல இருக்க ஆசைப்பட்டுப் போனவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"பொய் சொன்னனான்."

டெஸ்மன்ட் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் இது தெரியாது.

"அவன் போக விரும்பேல்லை. பயந்தவன். நான்தான் போ போ எண்டு தள்ளிவிட்டனான். இந்தக் கையாலதான் காசு குடுத்தனான். இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இண்டைக்கு அதே கையால உனக்கும் கையெழுத்து வைக்கட்டோ?"

வெளியே ஒரு லொறி பின்னோக்கி வந்து பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. நிஷான் கிட்ட வந்து அம்மாவின் தோளைப் பிடித்தான்.

"அம்மா. ஐ ஆம் சோ சொறி. ஆனா நீங்கள் வைக்காட்டிலும் நான் போவன். நபில் அங்கிள் சும்மாவாவது வா எண்டுறார். காசில்லாமப் போவன், அவ்வளவுதான்."

பிள்ளை மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னான். கத்தரின் அவன் கைகளை மெல்ல எடுத்துவிட்டாள். ஒப்பந்தத்தை வேலை மேசையில் விரித்து, வர்ஷா விரல் வைத்த வரியைத் தேடி எடுத்தாள்.

"சரி. நான் கையெழுத்து வைக்கிறன்."

இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

"ஆனா இந்த வரியை மாத்த வேணும். ஒரு குடும்பத்தில ஒரு ஆள்தானே? ஆரெண்டு நபில் சொல்லேல்லைத்தானே? நீங்கள் போங்கோ."

"நானோ?" என்றார் டெஸ்மன்ட். மத்தியானம் வழக்கறிஞரின் கதவடியில் கேட்ட அதே "நானோ". ஆனால் இப்போது சிரிப்பு இல்லை.

"ஓம். குளிர் அறை கட்டுறது ஆற்ற தொழில்? உங்கட. கனவு ஆற்ற? உங்கட. நீங்கள் மூண்டு வருசம் அங்க நில்லுங்கோ. இஞ்ச வேர்க்ஷொப்பை நிஷான் பாக்கட்டும். நிஷான், அப்பா போனா நீ நிப்பியோ?"

நிஷான் தயங்கினான். "அப்பா போனா... வேர்க்ஷொப்புக்கு ஆள் வேணும். நிப்பன்."

"கத்தரின், விசர்க் கதை கதையாதையும். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு."

"நபிலுக்கு அறுபது."

"பிரஷர் குளிசை..."

"அங்கயும் பார்மசி இருக்கு எண்டு நீங்கள்தான் வீடியோவில காட்டினனீங்கள்."

"அரபு ஒரு சொல்லும் தெரியாது எனக்கு."

"நிஷானுக்குத் தெரியுமோ?"

டெஸ்மன்ட் பக்கத்தில் இருந்த தகட்டைத் தடவினார். அதில் தூசி இருக்கவில்லை. "அதில்லையப்பா. அங்க இன்னும்... எல்லாம் வடிவா அடங்கேல்லை. அங்க இங்க சின்னச் சின்னப் பிரச்சினையள் இருக்கு. இளம் பிள்ளை எண்டா ஓடித் திரிவான், என்னை மாதிரி ஒரு ஆள்..."

சொல்லி முடிக்கவில்லை. சொன்னது என்ன என்பது அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.

அங்கே ஓட வேண்டி வரும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிள்ளையின் பெயரை எழுதியிருக்கிறார்.

இத்தனை நேரமும் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற நிஷான் ஓரடி தள்ளி நின்றான்.

"அப்பா," என்றான் மெதுவாக. "பயப்பிட ஒண்டுமில்லை எண்டு எனக்குச் சொன்னனீங்கள்."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் டெஸ்மன்ட் தாங்கியிருப்பார். அவன் உண்மையாகவே விளக்கம் கேட்டான். பிள்ளையின் முகத்தை நேரே பார்க்க முடியாமல் அவர் கண்கள் தகடு, கூரை, கதவு என்று அலைந்து கடைசியில் மனைவியிடம் வந்து நின்றன.

இவ்வளவுதான், என்று நினைத்தாள் கத்தரின். இனி "விடுமப்பா, இந்த வேலையே வேண்டாம்" என்பார். நபிலுக்கு ஒரு போன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார். மூன்றாம் நாள் மீன் குழம்பு கேட்பார். வீடு தப்பும். பிள்ளையும், அப்பா விட்ட பிறகு தனியே போகமாட்டான், பேசிப் பார்க்கலாம். மனதுக்குள் அவள் மாதாவுக்கு நன்றிகூடச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

டெஸ்மன்ட் பொக்கற்றிலிருந்து மிச்சமிருந்த பேனாவை எடுத்தார்.

மேசைக்கு வந்து குனிந்தார். மகனுடைய பெயரின் மேல் ஒரு கோடு. அதற்கு மேலே, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயர். பக்கத்தில் இனிஷியல். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை.

"அப்பா, நோ..." என்றான் நிஷான்.

"நீயும் வை." பேனாவை மகனிடம் நீட்டினார். நிஷான் அம்மாவைப் பார்த்தான். அவளோ அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் அவனும் வைத்தான்.

டெஸ்மன்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால்.

"வாரும் கத்தரின்," என்றார். ஷேர்ட்டின் கொலரைச் சரிசெய்தார். முகம் வெளிறிப் போயிருந்தாலும் குரலில் ஒரு பிசிறும் இல்லை. "ஐஞ்சு மணிக்குள்ள போக வேணும். நீர் கேட்டதை நான் எழுதிட்டன். இனி நீர்தான் வைக்க வேணும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். போகச் சொன்னவளும் அவள்தான். கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு அவர் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் நடந்தார்.